1/10 பந்தய பக்கி: மோட்டார், பினியன், ஸ்பிரிங் – எதை முதலில் முடிவு செய்வது?

கேள்வியின் சாரம்: 1/10 அளவில் (அசல் வண்டியில் பத்தில் ஒரு பங்கு), ரிமோட்டில் ஓடும், பின்சக்கரம் மட்டும் ஓட்டும் பந்தய பக்கி ஒன்று 7.5 டர்ன் மோட்டாரோடு கைமாறி வந்திருக்கிறது. பேட்டரி 2எஸ் லிப்போ (இரண்டு செல் லித்தியம் பாலிமர்). ஐந்து நிமிடம் ஓட்டினால் மோட்டாரில் கை வைக்க முடியவில்லை. வளைவை விட்டு வெளியே வரும்போது த்ராட்டில் கொடுத்தால் வண்டியின் வால் சுற்றிக்கொள்கிறது. 13.5 டர்னுக்கு இறங்கலாமா, பினியன் (மோட்டார் தண்டில் மாட்டும் சிறு பல்சக்கரம்) எத்தனை பல், பின் அதிர்வுதாங்கியின் ஸ்பிரிங்கை எந்த நிறத்துக்கு மாற்றுவது?

கேள்வி மூன்றாக இருந்தாலும் பதிலுக்கு ஒரு வரிசை உண்டு. எவ்வளவு மோட்டார் தாங்கும் என்பதை டயரின் பிடிப்பு சொல்லும். பினியனை வெப்பமும் டிராக்கின் நீளமும் சொல்லும். ஸ்பிரிங்கைத் தரை சொல்லும். இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்து, அளவுக்கு மிஞ்சிய மோட்டார் கிளப்பும் வழுக்கலை ஸ்பிரிங் மாற்றி அடக்கப் பார்ப்பதில்தான் இந்த விளையாட்டில் பணம் அதிகம் கரைகிறது.

மோட்டாரிலிருந்து தொடங்கலாம். 1/10 பக்கியில் போவது 540 அளவு சென்சார்டு பிரஷ்லெஸ் மோட்டார் (கார்பன் பிரஷ் இல்லாதது, சுழலும் காந்தத்தின் நிலையைச் சென்சார் சொல்லும்): சுமார் 36 மி.மீ. விட்டம், தண்டு 3.17 மி.மீ. டர்ன் என்பது உள்ளே கம்பி எத்தனை சுற்று என்ற கணக்கு. சுற்று குறையக் குறைய கம்பி தடிமனாகும், மின்தடை குறையும், வேகம் கூடும், இழுக்கும் மின்னோட்டமும் கூடும். சுமாரான கணக்குக்கு, டர்னையும் கேவியையும் (சுமை இல்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று) பெருக்கினால் 40,000 பக்கத்தில் வரும். 17.5 டர்னுக்கு 2,300 கேவி, 13.5-க்கு 3,000, 10.5-க்கு 3,800, 7.5-க்கு 5,000-க்குச் சற்று மேல். தயாரிப்பாளர், ரோட்டார் (உள்ளே சுழலும் காந்தம்), டைமிங் (சுற்றுக் கம்பிக்கு மின்சாரம் எவ்வளவு முன்கூட்டிப் போகிறது) மூன்றையும் பொறுத்து இது முன்பின் ஆகும். டப்பாவில் அச்சிட்ட கேவி எண்ணை வைத்து இரண்டு கம்பெனி மோட்டார்களை ஒப்பிட்டுப் பயனில்லை.

பின்சக்கர பக்கியில் மொத்த எடை ஒன்றரைக் கிலோ அளவு. அதில் ஏறத்தாழ 60 சதவீதம் பின் டயர்கள் மேல். அந்த இரண்டு டயர்கள் தரையில் இறக்கக்கூடிய விசைக்கு ஓர் எல்லை உண்டு. தூசி படிந்த மண்ணில் அந்த எல்லையை 17.5 டர்னே பல இடங்களில் தொட்டுவிடும். அதனால் கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவருக்கும் சிறிய டிராக்குக்கும் 17.5 அல்லது 13.5. பிடிப்பான களிமண்ணிலோ கார்பெட்டிலோ கை பழகியவருக்கு 10.5. நீண்ட நேர்கோடும் பெரிய ஜம்ப்பும் உள்ள டிராக்கில், த்ராட்டில் விரல் அடங்கியிருந்தால், 8.5 அல்லது 7.5. நான்கு சக்கரமும் இழுக்கும் பக்கிக்கு இதைவிட ஒரு படி சூடான மோட்டார் தேவைப்படும். டிரைவ் லைனில் (மோட்டாரிலிருந்து சக்கரம் வரையுள்ள கியர், தண்டுகளில்) வீணாவது அதிகம், பிடிப்பும் அதிகம். பந்தயம் ஓடும் எண்ணம் இருந்தால் முதலில் கிளப்பின் விதியைப் பாருங்கள். பல இடங்களில் ஸ்டாக் (மோட்டாருக்கு வரம்பு உள்ள) பிரிவு என்றால் பின்சக்கர பக்கிக்கு 17.5, நான்கு சக்கரத்துக்கு 13.5, இஎஸ்சி (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) டைமிங் பூஜ்யத்தில், அதைக் காட்ட அதன் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆகவே முதல் கேள்விக்கு: ஆம், 13.5-க்கு இறங்கலாம். மோட்டார் வாங்கும் வரை கையில் இருக்கும் 7.5-ஐ அடக்கியும் ஓட்டலாம். இஎஸ்சியில் பஞ்ச் (கிளம்பும்போது எவ்வளவு முரட்டுத்தனமாகப் பாய்கிறது) அமைப்பைக் கீழ்மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பூஸ்ட், டர்போ (ஓடும்போது டைமிங்கைக் கூட்டுபவை) இருந்தால் இரண்டையும் பூஜ்யமாக்குங்கள். மோட்டாரின் பின்மூடியில் உள்ள டைமிங்கை நடுக்குறிக்குக் கீழே திருப்புங்கள். ரிமோட்டில் த்ராட்டில் உச்சத்தை 75 சதவீதம் ஆக்குங்கள். லேப் நேரம் குறைந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், பெரும்பாலும் குறையும்.

மாற்றும்போது இரண்டு இடத்தில் கவனம். ஏ, பி, சி என்ற மூன்று கம்பிகளும் மோட்டாரிலும் இஎஸ்சியிலும் அதே எழுத்தில் சேர வேண்டும். சென்சார் இல்லாத மோட்டாரில் இரண்டு கம்பியை மாற்றிச் சுழற்சியைத் திருப்பும் பழைய வழி இங்கே செல்லாது. மோட்டார் திக்கும், சூடேறும், இஎஸ்சி போய்விடவும் கூடும். திசை மாற வேண்டுமானால் இஎஸ்சி அமைப்பில் மாற்றுங்கள். இரண்டாவது, மோட்டாரைப் பிடிக்கும் 3 மி.மீ. திருகின் நீளம். அது மோட்டாருக்குள் 4 மி.மீ.க்கு மேல் இறங்கினால் சுற்றுக் கம்பியின் எனாமலைக் கிழித்துவிடும். புது மோட்டார் முதல் நாளே புகைவதற்கு இது ஒரு பழக்கமான காரணம்.

இனி கியர். பலரும் ‘எத்தனை பல் பினியன்’ என்று மட்டும் கேட்கிறார்கள். அந்த எண் தனியாக ஒன்றும் சொல்லாது. வேண்டியது மொத்த விகிதம்: ஸ்பர் (பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரம்) பல்லைப் பினியன் பல்லால் வகுத்து, கியர்பாக்ஸின் உள்விகிதத்தால் பெருக்க வேண்டும். உள்விகிதம் வண்டியின் கையேட்டில் இருக்கும்; பின்சக்கர பக்கிகளில் 2.6 அடிக்கடி வரும் எண். ஸ்பர் 72, பினியன் 27 என்றால் 2.67, அதை 2.6-ஆல் பெருக்கினால் 6.93. மோட்டார் ஏறத்தாழ ஏழு சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று.

நடுத்தர டிராக்குக்குத் தொடக்கப் புள்ளிகள் இவை. 17.5 டர்னுக்கு 6 முதல் 6.8, 13.5-க்கு 7 முதல் 7.6, 10.5-க்கு 8 முதல் 8.6, 8.5-க்கு 9-ஐ ஒட்டி, 7.5-க்கு 10-ஐ ஒட்டி. வண்டியின் கையேடு வேறு எண் சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் 7.5-க்கு ஸ்பர் 81, பினியன் 21 போட்டால் 10.03 வரும். இப்போது வண்டியில் இருப்பதை எண்ணிப் பாருங்கள். பழைய உரிமையாளர் 13.5 ஓட்டிய பினியனை மாற்றாமல் 7.5-ஐப் போட்டிருந்தால் சூட்டுக்கு வேறு காரணமே தேட வேண்டாம்.

பினியனில் ஒரு பல் எவ்வளவு மாற்றம் என்பது பினியனின் அளவைப் பொறுத்தது. 31 பல்லில் ஒன்று கூட்டினால் 3 சதவீதம்; 20-இல் ஒன்று கூட்டினால் 5 சதவீதம். ஸ்பரில் ஒரு பல் ஒன்றரைச் சதவீதத்துக்குள். நுணுக்கமாக நகர்த்த வேண்டுமானால் ஸ்பரை மாற்ற வேண்டும். ஆனால் மோட்டார் நகரும் காடியின் நீளம் எல்லை போடும். 48 பிட்ச் (ஓர் அங்குல விட்டத்துக்கு 48 பல்) கியரில் ஸ்பரும் பினியனும் சேர்ந்து 103 பல் என்றால் இரண்டின் மையத் தூரம் 27 மி.மீ. சொச்சம், ஒரு பல் கூடினால் கால் மி.மீ. நகர வேண்டும். காடியில் இடம் தீர்ந்துவிட்டால் 72 ஸ்பரை 69-ஆகவோ 78-ஆகவோ மாற்றி அங்கிருந்து பினியனைத் தேடுங்கள்.

பிட்ச் கலக்கக் கூடாது. 48 பிட்ச் பல்லின் மாட்யூல் (மி.மீ.யில் விட்டத்தைப் பல் எண்ணிக்கையால் வகுத்தது) 0.53. அதை 0.5-ஓடோ 0.6-ஓடோ சேர்த்தால் கையில் சுற்றும்போது ஒத்துப்போவதுபோல இருக்கும். ஓட்டினால் பிளாஸ்டிக் ஸ்பர் ஒரே பேட்டரியில் மழுங்கும். 32 பிட்ச்சும் 0.8 மாட்யூலும் மட்டும் சமாளிக்கும் அளவுக்கு நெருக்கம்.

பல் இடைவெளியை இப்படி வையுங்கள். சாதாரணத் தாளில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, இரண்டு கியருக்கும் நடுவே விட்டு, மோட்டாரை ஸ்பரோடு அழுத்தித் திருகை இறுக்குங்கள். ஸ்பரைச் சுழற்றித் தாளை வெளியே எடுங்கள். தாளில் பல்லின் மடிப்பு தெளிவாக விழுந்திருக்க வேண்டும், கிழிந்திருக்கக் கூடாது. பிறகு பினியனை விரலால் பிடித்துக்கொண்டு ஸ்பரை முன்னும் பின்னும் அசைத்தால் மெல்லிய ‘டிக்’ ஒன்று கேட்கும். ஸ்பரைக் கால் சுற்று திருப்பி மறுபடி பாருங்கள், மொத்தம் நான்கு இடத்தில். எல்லா ஸ்பரும் சற்றுக் கோணலாகத்தான் சுற்றும். நான்கில் எது இறுக்கமோ அங்கே ‘டிக்’ இருக்கும்படி வையுங்கள். இறுக்கமான இடைவெளி மோட்டார் பேரிங்கைத் தின்னும், சூட்டையும் ஏற்றும். தளர்வானது முதல் ஜம்ப்பில் பல்லைச் சீவிவிடும். பினியனின் சிறு திருகு தண்டின் தட்டையான பக்கத்தில் உட்கார வேண்டும். நீல நிறத் திருகுப் பசை ஒரு சொட்டு போதும்.

டயர் விட்டமும் கியரின் ஒரு பகுதிதான். 85 மி.மீ. பின் டயர் தேய்ந்து 81 ஆனால் சுற்றளவு கிட்டத்தட்ட 5 சதவீதம் குறைகிறது. 31 பினியனில் ஒன்றரைப் பல் இறக்கியதற்குச் சமம். ‘போன வாரம் நன்றாக ஓடிய வண்டி இன்று நேர்கோட்டில் சோர்கிறது’ என்பவர்கள் முதலில் டயரை அளக்க வேண்டும்.

இப்போது சூடு. ‘கை வைக்க முடியவில்லை’ என்பது அளவு ஆகாது. 60 டிகிரியிலேயே விரல் தானாகப் பின்வாங்கும், ஆனால் பந்தய மோட்டாருக்கு 60 நல்ல ஆரோக்கியமான எண். அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்குங்கள். ஆனால் பளபளக்கும் அலுமினிய உடலில் குறிவைத்தால் அது உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். மோட்டாரில் கறுப்பு டேப் சிறு துண்டு ஒட்டி அதில் குறிவையுங்கள், அல்லது பின்மூடியின் துவாரம் வழியாகத் தெரியும் சுற்றுக் கம்பியில். வண்டி நின்ற பதினைந்து நொடிக்குள் அளக்க வேண்டும்.

புதுக் கியர் போட்டதும் இரண்டு நிமிடம் மட்டும் ஓட்டி அளங்கள். அதற்குள் 65-ஐத் தாண்டினால் மேலே போகாமல் பினியனில் இரண்டு பல் குறையுங்கள். சரியாக இருந்தால் ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். 70 வரை நிம்மதி. 75-க்கு மேல் எச்சரிக்கை. 80 என்றால் நிறுத்திவிடுங்கள். வெளியே 80 காட்டும்போது உள்ளே சுற்றுக் கம்பியும் ரோட்டாரும் அதைவிடச் சூடு. ரோட்டார் காந்தம் ஒருமுறை சூட்டில் வலுவிழந்தால் ஆறினாலும் முழுதாகத் திரும்பாது. பலமிழந்த காந்தம் உள்ள மோட்டார் முன்பைவிட அதிக வேகத்தில் சுற்றும், அதிக மின்னோட்டம் இழுக்கும், டார்க் (முறுக்குவிசை) குறையும், இன்னும் சூடாகும். கைமாறி வந்த மோட்டாரில் இதையும் சந்தேகப்பட வேண்டும். சரியான விகிதம், குறைந்த டைமிங், சரியான பல் இடைவெளி எல்லாம் வைத்தும் சூடு அடங்கவில்லை என்றால் ரோட்டாரை மாற்றிப் பாருங்கள். காலை 28 டிகிரியில் சரியாக இருந்த கியர் மதியம் 38-இல் பத்து டிகிரி கூடுதலாகக் காட்டும். எனவே அளவோடு அன்றைய காற்றின் வெப்பத்தையும் குறித்து வையுங்கள்.

சூடு இரு பக்கத்திலிருந்தும் வரும், இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். பினியன் பெரிதானால் மோட்டார் எப்போதும் திணறிக்கொண்டே இருக்கும்: வளைவிலிருந்து எழும்போது மந்தம், நேர்கோட்டின் கடைசியிலும் வேகம் ஏறிக்கொண்டே இருக்கும். பினியன் மிகச் சிறிதாகி டைமிங்கும் அதிகமானால், நேர்கோட்டின் பாதியிலேயே ஒலி உச்சம் தொட்டு அங்கேயே அலறும். அப்போது சூடு மோட்டாரின் இரும்புத் தகடுகளில் வீணாகும் சக்தியிலிருந்து வருகிறது. ஒலியைக் கேளுங்கள். நேர்கோட்டின் முடிவுக்குச் சற்று முன்பு, பிரேக் போடும் இடத்தை ஒட்டி உச்சம் வந்தால் விகிதம் சரி. டைமிங்கைக் கூட்டினால் பினியனில் ஒன்றோ இரண்டோ பல் குறைக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் கூட்டாதீர்கள். ஸ்டாக் மோட்டாரில் இந்த இரண்டையும் மாற்றி மாற்றி இழைப்பதுதான் பாதிப் பந்தயம்.

ஸ்லிப்பர் கிளட்ச் (திடீர் விசையில் வழுக்கி கியரைக் காக்கும் ஸ்பர் பிடி) இருந்தால், நின்ற இடத்திலிருந்து முழு த்ராட்டிலில் கிளம்பும்போது ஓரடி, இரண்டடி தூரத்துக்கு அது வழுக்கும் ‘கிர்ர்’ ஒலி கேட்க வேண்டும். அதற்கு மேல் வழுக்கினால் ஸ்பரின் நடுப்பகுதி உருகும். 17.5 ஓட்டுபவர்களில் பலர் சுழலும் எடையைக் குறைக்க ஸ்லிப்பரையே கழற்றி நேரடி ஸ்பர் போடுகிறார்கள், 7.5-இல் அதைச் செய்யாதீர்கள்.

ஸ்பிரிங்குக்கு வருவோம். நிறத்தைக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. ஒரு கம்பெனியின் நீலம் இன்னொரு கம்பெனியின் மஞ்சளைவிடக் கடினமாக இருக்கலாம். அதே கம்பெனியின் முன் நீலமும் பின் நீலமும் வேறு வேறு. பேச வேண்டியது ஸ்பிரிங் விகிதத்தை, அதாவது ஓர் அங்குலம் அழுத்த எத்தனை பவுண்டு வேண்டும் என்பதை. 1/10 பின்சக்கர பக்கியில் முன் ஸ்பிரிங் அங்குலத்துக்கு 3 முதல் 4.5 பவுண்டு, பின் ஸ்பிரிங் 1.8 முதல் 2.6 பவுண்டு என்பது பொதுவான வரம்பு. எடை பின்னால் இருக்க, முன் ஸ்பிரிங் ஏன் கடினம்? முன் ஷாக் (ஸ்பிரிங் சுற்றியிருக்கும் அதிர்வுதாங்கி) ஆர்மில் (சக்கரத்தைத் தாங்கும் கையில்) உள்ளே தள்ளி மாட்டியிருக்கும். கீல் முதல் சக்கர மையம் வரை 90 மி.மீ., ஷாக் மாட்டிய துளை 50 மி.மீ.யில் என்றால் நெம்புகோல் விகிதம் 0.56, சக்கரத்தில் உணரப்படும் கடினம் அதன் வர்க்கம், அதாவது ஸ்பிரிங்கின் 31 சதவீதம் மட்டும். பின்னால் 95-க்கு 65 என்றால் 47 சதவீதம். ஷாக் சாய்ந்திருந்தால் இரண்டிலும் இன்னும் குறையும். ஆகவே ஆர்மில் ஷாக்கை ஒரு துளை வெளியே மாற்றுவது, சில சமயம் இரண்டு படி கடின ஸ்பிரிங் போடுவதைவிடப் பெரிய மாற்றம்.

பெயர் தெரியாத ஸ்பிரிங் கையில் இருந்தால் வீட்டிலேயே அளக்கலாம். கிராம் காட்டும் எடைத் தராசில் ஸ்பிரிங்கை நிமிர்த்தி, சாயாமல் உள்ளே ஒரு தண்டு கொடுத்து, தராசு நகராத அளவுக்கு மட்டும் தொடும்படி மேலே ஒரு தட்டை வையுங்கள். வெர்னியர் வைத்து அங்கிருந்து சரியாக 10 மி.மீ. அழுத்துங்கள். காட்டும் கிராமை 179-ஆல் வகுத்தால் அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்று வரும். 2 பவுண்டு ஸ்பிரிங் ஏறத்தாழ 357 கிராம் காட்டும், 3.6 பவுண்டு ஸ்பிரிங் 643. ஒரே பாக்கெட்டில் வந்த இரண்டையும் அளந்து பாருங்கள். 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஜோடியாகப் போடாதீர்கள். வண்டி ஒரு பக்கம் மட்டும் நன்றாகத் திரும்பும், நீங்கள் ஸ்டியரிங் டிரிம்மைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கில் கடினம் ஏறுவதால் 1.2 மி.மீ. கம்பிக்கும் 1.3-க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாவிட்டாலும், மற்ற அளவுகள் ஒன்றாக இருந்தால் கடினத்தில் 38 சதவீதம் வித்தியாசம். பழைய ஸ்பிரிங் ‘தளர்ந்துவிட்டது’ என்பார்கள். பெரும்பாலும் உயரம்தான் சற்றுக் குறைந்திருக்கும், விகிதம் அப்படியே இருக்கும்.

ஷாக்கின் கழுத்து வளையத்தைத் திருகினால் ஸ்பிரிங் கடினமாகாது. வண்டியின் உயரம் மட்டுமே மாறும். உயரத்தை அளக்க, பேட்டரியும் பாடியும் போட்டு, சமதளத்தில் 15 செ.மீ. உயரத்திலிருந்து போட்டு, தானாக நிற்கவிட்டு அளங்கள். மண் டிராக்குக்கு 22 முதல் 25 மி.மீ., கார்பெட்டுக்கு 16 முதல் 19. ஸ்பிரிங் மாற்றும் ஒவ்வொரு முறையும் உயரத்தைப் பழைய எண்ணுக்கே கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் சோதித்தது ஸ்பிரிங்கையா உயரத்தையா என்று தெரியாது.

முன்னால் மென்மையான ஸ்பிரிங் போட்டால் வளைவில் நுழையும்போது முன்பிடிப்பு கூடும். அதிகமானால் வண்டி பதற்றமாகும். முன்னால் கடினம் என்றால் நிதானம், ஜம்ப்பில் ஒழுங்கு, ஆனால் திரும்பும் ஆர்வம் குறையும். பின்னால் மென்மை என்றால் த்ராட்டிலில் வால் அமர்ந்து பிடிப்பு கூடும். அதிகமானால் முன்பக்கம் எடை இழந்து நேராக ஓடும். பின்னால் கடினம் என்றால் ஸ்டியரிங் கூடும், பின்பிடிப்பு குறையும். வால் சுற்றும் வண்டிக்குக் கடின ஸ்பிரிங் போடுவது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது. கார்பெட்டில் மட்டும் கணக்கு மாறும்: அங்கே பிடிப்பு மிஞ்சி வண்டி கவிழும், அதனால் எல்லாமே கடினமாகவும் தாழ்வாகவும் போகும்.

ஜம்ப் இறங்கும்போது சேஸிஸ் தரையில் அறைந்தால் ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். அது பிஸ்டனும் எண்ணெயும் செய்ய வேண்டிய வேலை. சிறிய துளைப் பிஸ்டனில், இறங்கும் வேகத்தில் எண்ணெய் துளை வழியே ஓட முடியாமல் ஷாக் ஒரு கணம் இறுகும். அந்த இறுக்கம்தான் சேஸிஸைக் காக்கிறது. அதே இறுக்கம் சிறு மேடுகளில் வண்டியைத் துள்ள வைக்கும். மண்ணுக்கு இரண்டு துளை, 1.6 அல்லது 1.7 மி.மீ., முன்னால் 35 வெயிட் (எண்ணெயின் கெட்டித்தன்மை எண்), பின்னால் 30 வெயிட் எண்ணெய் என்று தொடங்கலாம். தேவையான டேம்பிங் (எண்ணெய் தரும் தடை) ஸ்பிரிங் விகிதத்தின் வர்க்கமூலத்தில்தான் ஏறும்: ஸ்பிரிங் 10 சதவீதம் கூடினால் டேம்பிங் 5 சதவீதம். எனவே ஒரு படி ஸ்பிரிங் மாற்றத்துக்கு எண்ணெயை மாற்ற வேண்டாம். இரண்டு, மூன்று படி தாண்டினால் 2.5 வெயிட் கூட்டுங்கள்.

உங்கள் வண்டியின் வால் விஷயத்தை இந்த வரிசையில் பாருங்கள். பின் டயரின் ஊசிகள் தேய்ந்திருக்கின்றனவா, அந்தத் தரைக்கு ஏற்ற ரப்பர்தானா? பஞ்ச்சும் த்ராட்டில் உச்சமும் குறைத்தாயிற்றா? பின் சக்கரங்களின் டோ-இன் (முன்முனைகள் உள்நோக்கித் திரும்பிய கோணம்) 3 டிகிரியில் இருக்கிறதா, பின் உயரம் இடமும் வலமும் ஒன்றா? இரண்டு ஷாக்கும் ஒரே நீளமா, எதிலாவது காற்று புகுந்து ‘சளக்’ என்கிறதா? கியர் டிஃப் (இரு பின் சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும், எண்ணெய் நிரப்பிய பல்சக்கரப் பெட்டி) என்றால் எண்ணெய் கசிந்து காலியாகியிருக்கிறதா? கைமாறிய வண்டிகளில் இந்தக் கடைசி இரண்டும் பெரும்பாலும் பழுதாகத்தான் இருக்கும். இத்தனையும் சரி, அப்போதும் வழுக்குகிறது என்றால் இப்போதுள்ள பின் ஸ்பிரிங்கை அளந்து, அதைவிட 0.2 பவுண்டு குறைந்த ஜோடியைப் போட்டு, உயரத்தைப் பழைய எண்ணுக்குத் திருப்பி, அதே டயரில், அதே அளவு சார்ஜில் ஒரு பேட்டரி ஓட்டிப் பாருங்கள்.